தாரெவிக் சுரங்கமும் பயன்படாத ஒரு வரியும்

இரவு ஒரு மணி இருக்கும். தாரெவிக் சாலை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல். விளக்குக் கம்பங்கள் ஊர் எல்லையோடு நின்றுவிடும். அப்புறம் பனி வரப்பும், சாலையின் ஓரம் தெரிவதற்காக அதில் நட்டுவைத்த குச்சிகளும்தான்... குச்சிகளும் முடிகிற இடத்தில் சுரங்கம் வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.

கடலுக்கு அடியில் போகிற சுரங்கம். முதலில் இறக்கம், காது அடைக்கிற வரை இறக்கம். அடியில் கொஞ்சம் சமதளம். பிறகு ஏற்றம். பாறையில் கசிகிற உப்புத்தண்ணீரை இறைக்க அடியில் ஒரு பம்பு ஓயாமல் ஓடும். கைபேசி எடுக்காது. டீசல் வாடை, ஈர சிமெண்டு வாடை, அதற்கும் கீழே... அழுகிய கடற்பாசி வாடை.

கதவைச் சரியாகச் சாத்தினீர்களா? சரி. பனி தள்ளுகிற வண்டி விடிவதற்குள் வராது, நாமும் எங்கேயும் போகப் போவதில்லை. அடுப்பில் இன்னொரு கட்டை வையுங்கள்.

இது என் சகலை ஒட்வாரின் சிநேகிதனுக்கு நடந்தது. ஒட்வார் சாலைக் கட்டுப்பாட்டு அறையில் இரவு வேலை பார்க்கிறவன். சுவர் நிறையத் திரை, மேசை நிறையக் காபிக் கோப்பை. பாதி அவனே காதால் கேட்டது. மீதியை அந்தச் சிநேகிதன் யோஸ்டைன் அவனிடம் ஒரே ஒரு தடவை சொன்னான்... படகில், நடுக்கடலில், இரண்டு பேர் கைபேசியையும் கரையிலேயே வைத்துவிட்டு.

யோஸ்டைன் எழுதுவது டிரைவர். உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். அந்தச் சுரங்கத்தில் அங்கங்கே சுவரைக் குடைந்து ஒரு மாடம், மாடத்தில் ஓர் அவசரத் தொலைபேசி. வண்டி படுத்துவிட்டால் இறங்கி எடுத்துப் பேசலாம். ஒட்வாரின் பலகையில் அந்த மாடத்தின் விளக்கு எரியும். தொலைபேசிகளையெல்லாம் கட்டிப் பிடித்திருக்கிற மின்னட்டைக்கும் கணினியின் இயக்க முறைமைக்கும் நடுவில் நிற்கிற நிரல்தான் டிரைவர். பெயர்தான் டிரைவர், வேலை தரகு வேலை. இந்தப் பக்கம் ஒரு பாஷை, அந்தப் பக்கம் ஒரு பாஷை. நடுவில் நின்று வியாபாரத்தைக் கெடுக்காமல் கொண்டுபோக வேண்டும். கெட்டிக்காரத் தரகன் சில பேச்சைக் காதில் வாங்கிக்கொள்வான், கொண்டுபோய்ச் சேர்க்க மாட்டான். அந்தப் பழைய டிரைவரும் அப்படி ஒன்றைச் சேர்க்காமல் வைத்திருந்தது... யாருக்கும் தெரியாமல்.

இயக்க முறைமையைப் புதிதாக மாற்றினார்கள். பழைய டிரைவர் அதில் ஏறவே மாட்டேன் என்றது. எழுதிய நிரலைப் படித்துப் பார்த்து, கணினி ஓட்டுகிற வடிவில் கட்டித் தருகிற கருவிக்குக் கம்பைலர் என்று பெயர். புதிய கம்பைலரில் போட்டால் திரை திரையாக எச்சரிக்கை கக்கியது. எல்லாவற்றையும் தீர்த்து, அடுத்தவன் படித்தால் புரிகிற மாதிரி நிரலைத் திருத்திக் கொடு என்று யோஸ்டைனிடம் விட்டார்கள். ஆளும் பொருத்தமான ஆள். கரண்டிகளைக்கூட ஒரே பக்கம் தலைவைத்துப் படுக்கவைக்கிறவன். "என்னையும் ஒருநாள் இழுப்பறையில அடுக்கிடுவான்" என்று அவன் மனைவி குன்வோர் விருந்துகளில் சொல்லிச் சிரிப்பாள். குன்வோர் அக்கரையில் முதியோர் இல்லத்தில் மாலை நேர வேலை பார்க்கிறவள். வேலை முடிந்து நள்ளிரவு தாண்டி அந்தச் சுரங்கம் வழியாகத்தான் வீட்டுக்கு வருவாள்.

யோஸ்டைன் பெயர்களை மாற்றினான். நீளமாகக் கிடந்ததை நறுக்கினான். கோணலை நிமிர்த்தினான். எச்சரிக்கைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஒன்று மட்டும் மிஞ்சியது.

அந்த அலுவலகத்தில் ஒருவர் மாற்றியதை இன்னொருவர் படித்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஏற்றலாம். அவனுக்குக் கையெழுத்துப் போடுகிறவள் ஸோல்ஃப்ரித். எதையும் படிக்காமல் ஒப்புக்கொள்ள மாட்டாள், பிறந்தநாள் வாழ்த்தட்டை உட்பட.

"இதைப் பாரு," என்றான் யோஸ்டைன். "எல்லா மாடத்தையும் ஒரு சுத்து கேட்டுட்டு, கடைசியா இன்னொண்ணைக் கேக்குது. பதிலை வாங்கி வெச்சுக்குது. அதோட சரி. அந்தப் பதிலை யாரும் தொடறதே இல்ல. கம்பைலர் அதுக்குத்தான் கத்துது."

"கதவைத் தட்டி யாருன்னு கேட்டுட்டு, பதில் வர்றதுக்குள்ள நடையைக் கட்டற ஆளு மாதிரி," என்றாள் ஸோல்ஃப்ரித். "எந்த மாடம் அது?"

"எந்த மாடமும் இல்ல. வரைபடத்துல அந்த எண்ல போனே கிடையாது. எப்பவுமே இருந்ததில்ல."

"அப்ப பதிலை மட்டும் வெச்சுக்காதே. கேக்கறது அப்படியே இருக்கட்டும். எச்சரிக்கையும் போயிடும். சில சாமான் அப்படித்தான், ஒரு தடவை யாராவது படிச்சாத்தான் வாயை மூடும். படிக்கலேன்னா கத்திக்கிட்டே இருக்கும்."

"இல்லாத போன் எப்படி கத்தும்?"

"எனக்கெப்படித் தெரியும்? எழுதின ஆளுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சா எழுதி வெச்சிருக்கணும். படிக்கிறவனுக்கு அர்த்தமில்லாத வரி எதுக்கு? அதை வெச்சுக்கிட்டுச் சுத்தம் பண்ணிட்டேன்னு நான் எப்படிச் சொல்றது?"

அலுவலகத்துச் சோதனை மேசையில் வரியை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தார்கள். எல்லாத் தொலைபேசியும் ஒழுங்காகப் பேசியது.

"சரிப்பா, சுத்தக்காரா. எடுத்துடு," என்றாள். "ஆனா முதல் ராத்திரி கண்முழிக்கப் போறது நீ. நான் இல்ல."

எடுத்தான். எச்சரிக்கை பூஜ்யம். அந்தச் சந்தோஷத்தில் ஒரு வேலை செய்தான்... உங்களில் நிரல் எழுதுகிறவர்கள் இதைச் செய்திருப்பீர்கள். இனி எந்த எச்சரிக்கை வந்தாலும் அதைப் பிழையாகவே எடுத்துக்கொள், கட்டித் தராதே என்று கம்பைலருக்கு உத்தரவு போட்டான். வீட்டைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டு, இனி திருடன் வர முடியாது என்று சந்தோஷப்படுகிற மாதிரி. அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள்.

மறுநாள் மாலை புது டிரைவர் சுரங்கத்தில் ஏறியது.

வழக்கப்படி முதல் ராத்திரி மாற்றியவன் காவல். யோஸ்டைன் வீட்டுச் சமையலறையில் மடிக்கணினியைத் திறந்து, காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். சுரங்கத்தில் எந்தத் தொலைபேசியை யார் எடுத்தாலும் அவனுக்குக் கேட்கும். கேட்க மட்டும்தான் முடியும். பேசுகிற வசதி கட்டுப்பாட்டு அறைக்குத்தான் உண்டு.

நள்ளிரவு கடந்தது. திரையில் ஒரு வாசகம் வந்து விழுந்தது.

யாரும் கண்டுகொள்ளவில்லை.

பயப்பட வேண்டாம், இது இயக்க முறைமை வழக்கமாகச் சொல்கிற வாசகம்தான். ஏதோ ஒரு கருவி விடாமல் கூப்பிட்டு, எந்த டிரைவரும் என்ன என்று கேட்காவிட்டால், அப்படி எழுதிவிட்டு அந்தப் பக்கம் காதைப் பொத்திக்கொள்ளும். ஆனால் அந்தப் பக்கம்தான் எல்லா மாடமும் இருக்கிறது. இனி யார் தொலைபேசியை எடுத்தாலும் ஒட்வாரின் பலகையில் விளக்கு எரியாது. குரல் போகிற கம்பி மட்டும் வேறு... அது திறந்தே இருக்கும்.

எது கூப்பிட்டது என்று யோஸ்டைன் பார்த்தான். வரைபடத்தில் இல்லாத எண்.

அப்போது காதில் ஒரு சத்தம். பம்பு. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ரிசீவரை யாரோ எடுக்கிற 'டக்'.

"ஹலோ? வண்டி நின்னுபோச்சு. அடியில இருக்கேன், இறக்கத்துக் கடைசி மாடத்துல."

குன்வோர்.

யோஸ்டைன் கைபேசியை எடுத்து ஒட்வாரைக் கூப்பிட்டான்.

"குன்வோர் சுரங்கத்துல மாட்டிக்கிட்டா. போன்ல பேசிக்கிட்டிருக்கா. எடுடா."

"எதை எடுக்க?" என்றான் ஒட்வார். "இங்க எல்லாம் பச்சையா இருக்கு. ஒரு மாடத்து விளக்கும் எரியல. கனவு கினவு கண்டியா?"

"என் காதுல கேக்குதுடா."

"எனக்கு விளக்கு எரிஞ்சாத்தான்டா லைன் எடுக்க முடியும். அதை நீதானே எழுதினே." கொஞ்சம் இரங்கினான். "சரி, வண்டி அனுப்பறேன். ஆனா பனி தள்ளற வண்டிக்குப் பின்னாடிதான் வரும், நேரமாகும். விளக்கை எரிய வை, நான் அவகூடப் பேசிக்கிட்டிருக்கேன்."

கைபேசியை வைத்தான். காதில் இன்னொரு குரல் பேசிக்கொண்டிருந்தது.

"...நான்தான். வந்துட்டேன்."

யோஸ்டைனுக்கு முதலில் பிடிபடவில்லை. தன் குரல் தனக்கே வெளியிலிருந்து கேட்டால் சட்டென்று தெரியாது இல்லையா. குன்வோருக்கு உடனே தெரிந்துவிட்டது.

"யோஸ்டைன்? நீ எப்படி இதுல?"

"பக்கத்து மாடத்துலதான் நிக்கறேன். இன்னும் கொஞ்சம் கீழ."

"இதுதான் கடைசின்னு நெனச்சேன். உன் வண்டி வெளிச்சமே தெரியலையே."

"அணைச்சுட்டேன்."

பம்பு ஓடியது. யோஸ்டைன் கத்தினான். சமையலறையில் நின்று, அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது... சுரங்கத்துக்கு என்ன கேட்கும்?

"குரல் என்ன ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் குன்வோர்.

"குளிருது. ரொம்ப நாளா குளிருது."

அவள் சிரித்தாள். "கோட்டு போடாம வந்திருப்பே. பின் சீட்ல கம்பளி இருக்கு, எடுத்துட்டு வரட்டா?"

"எடுத்துட்டு வா."

காரை எடுத்துக்கொண்டு ஓடலாம்தான். ஆனால் சாலை பனியில் கிடக்கிறது. அவன் போய்ச் சேருவதற்குள் அவள் நடக்க ஆரம்பித்துவிடுவாள். ரிசீவர் அவள் கையில் இருக்கும்போதே விளக்கு எரிந்துவிட்டால் போதும், ஒட்வார் பேசுவான், காருக்குள் உட்கார்ந்து கதவைப் பூட்டிக்கொள் என்பான். ஆகவே யோஸ்டைன் கீபோர்டின் மேல் பாய்ந்தான். எடுத்த வரியை இருந்தபடியே திரும்ப ஒட்டினான். கட்டு என்று கட்டளை கொடுத்தான்.

கம்பைலர் நிதானமாக ஓடியது. எல்லாக் கோப்பையும் வரிசையாகத் தின்றது. கடைசியில் நின்றது.

மதிப்பு வாங்கப்பட்டது, பயன்படுத்தப்படவில்லை. பிழை. கட்ட முடியாது.

அவன் போட்ட உத்தரவு. அவன் கேக் தின்ற உத்தரவு.

மருந்து என்ன என்று அவனுக்குத் தெரியும். ஸோல்ஃப்ரித் அன்றைக்கே சொன்னதுதான், பதிலை வாங்காமல் கேட்டுவிட்டு மட்டும் போவது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூடச் செய்வான். யோஸ்டைனின் விரல் தப்புத் தப்பாக விழுந்தது. அழித்தான், எழுதினான், அழித்தான். காதில் குன்வோர் கம்பளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்... அந்தக் குரல் அவளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது. வண்டியில் வேறு யாராவது இருக்கிறார்களா. வீட்டுக்குப் போக எவ்வளவு நேரம். வீட்டில் யார் எந்தப் பக்கம் படுப்பது.

"இதென்ன கேள்வி?" என்றாள் குன்வோர். ஆனாலும் பதில் சொன்னாள்.

இந்தத் தடவை கட்டிக் கொடுத்தது. ஏற்றப்போனால் இரண்டாவது கையெழுத்து கேட்டது. ஸோல்ஃப்ரித்தை எழுப்பினான்.

"கையெழுத்துப் போடு."

"என்ன மாத்தினே?"

"ஸோல்ஃப்ரித்... படிக்காதே. போடு."

அவன் குரலில் என்ன இருந்ததோ, படிக்காமல் போட்டாள். வாழ்க்கையில் முதல் தடவை.

அதற்குள் காதில், "சரி, இரு, வர்றேன்" என்றாள் குன்வோர். ரிசீவரை மாட்டவில்லை. அது கம்பியில் தொங்கிச் சுவரில் மோதுகிற சத்தம். ஈரத்தில் செருப்புச் சத்தம், தூரப் போய்க்கொண்டே... கீழ்ப் பக்கமாக.

டிரைவர் ஏறியது. இல்லாத எண்ணைக் கேட்டது. பதிலைத் தூர எறிந்தது.

காதில் எல்லாம் அறுந்தது. பம்புகூட.

யோஸ்டைன் கோட்டை மறந்துவிட்டுக் காருக்கு ஓடினான்.

சுரங்கத்தின் வாயில் கைபேசி செத்தது. இறங்கினான். காது அடைத்தது. கடற்பாசி வாடை காருக்குள் வந்து உட்கார்ந்தது. அடியில், கடைசி மாடத்தின் முன்னால், குன்வோரின் கார் அபாய விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றது. டிக்... டிக்... டிக்... பக்கத்தில் குன்வோர், கைகளைக் கட்டிக்கொண்டு. மாடத்தில் ரிசீவர் ஒழுங்காக மாட்டியிருந்தது.

யோஸ்டைன் அழுதுவிட்டான். கட்டிப்பிடித்தான். சில்லென்று இருந்தாள். இருக்காதா பின்னே.

"போலாம்," என்றாள்.

முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பெல்ட் போடவில்லை. அந்த சீட்டில் மளிகைப் பையை வைத்தாலே பெல்ட் போடு என்று கூவுகிற கார் அது. கூவவில்லை. அதை அவன் அப்போது கவனிக்கவில்லை என்று சொன்னான். இடம் பார்த்து வண்டியைத் திருப்பினான். ஏற்றத்தில் போகும்போது கம்பளி எங்கே என்று கேட்டான். அவள் பதில் சொல்லவில்லை. தூக்கம் என்று நினைத்துக்கொண்டான். பின்பக்கக் கண்ணாடியில் அபாய விளக்கு சிறுத்துக்கொண்டே போய், வளைவில் மறைந்தது.

சுரங்கத்தை விட்டு வெளியே வந்தார்கள். பனி விழுந்துகொண்டிருந்தது. கைபேசிக்கு உயிர் வந்தது, வந்ததும் அடித்தது. காரின் ஒலிபெருக்கியில்தான் பேச்சு வரும், அப்படித்தான் இணைத்து வைத்திருந்தான்.

"டேய் யோஸ்டைன்," என்றான் ஒட்வார். "சரி பண்ணிட்டே போலிருக்கு. விளக்கு ஒண்ணும் எரியல, எந்த மாடம்னும் தெரியல, ஆனா லைன் தானாத் தெறந்து குரல் வருது. விட்டு விட்டுத்தான் வருது, யாரோ நடுவுல நடுவுல வைக்கிற மாதிரி. குன்வோர் பேசறா. நீ எங்கடா இருக்கே?"

யோஸ்டைன் ஒலிபெருக்கியைப் பார்த்தான்.

"ரொம்ப பயந்து போயிருக்கா. கீழ நிக்கறேன்னு சொன்னியாம், போய்ப் பார்த்தா ஆளைக் காணோமாம். ஒரே இருட்டா இருக்குங்கறா. உன் கார் சத்தம் கேட்டுச்சாம், ஓடி வந்தாளாம். அதுக்குள்ள திரும்பி மேல போயிட்டியாம். எப்படா திரும்ப வருவேன்னு கேக்கறா. என்ன சொல்லட்டும்?"

வைப்பர் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது. முன் சீட்டில் இருந்தவள் மெதுவாக முகத்தைத் திருப்பினாள். கையை நீட்டி, கியரின் மேல் இருந்த அவன் கையின் மேல் வைத்தாள். கையிலிருந்து தண்ணீர் வழிந்து அவன் சட்டைக்குள் இறங்கியது... உப்புத்தண்ணீர், விரலில் இருந்த கீறல் எரிந்தது. அந்தக் கை அழுத்தவில்லை. சும்மாதான் இருந்தது. நீ என்ன சொல்கிறாய் பார்ப்போம் என்று இருந்தது.

காரைத் திருப்ப வேண்டும் என்றுதான் நினைத்தானாம். படகில் ஒட்வாரிடம் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். கால் பிரேக்குக்குப் போகவில்லை. நாக்கு மட்டும்தான் அசைந்தது, அதுவும் தானாகவே அசைந்தது.

"குன்வோர் என் பக்கத்துலதான் இருக்கா," என்றான்.

அழைப்பு துண்டிக்கப்பட்டது. யார் துண்டித்தார்கள் என்று அவனுக்குத் தெரியாது.

இனி ஒட்வார் கேட்டது. அறையில் அவன் ஒருத்தன்தான். பலகை முழுக்கப் பச்சை. தான் கேட்ட பதிலை அந்தப் பக்கம் அழுதுகொண்டிருக்கிறவளிடம் எந்த வாயால் சொல்வது என்று தெரியவில்லை. லைன் தானாகத் திறக்கிற வரை காத்திருந்தான். திறந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "குன்வோர்..." என்று ஆரம்பித்தான்.

பம்பு ஓடுகிற சத்தம். தண்ணீர் சொட்டுகிற சத்தம்.

"வேணாம் ஒட்வார்," என்றாள். அழுகை நின்றிருந்தது. "அவன் சொன்னது எனக்கும் கேட்டுச்சு."

பிறகு ரிசீவரை வைத்தாள். மெதுவாக... தூங்குகிறவர்களை எழுப்பாமல் வைக்கிற மாதிரி.